காபிரைட் சந்தேகங்கள்: ஒரு வியாசர்பாடி ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் வருகிற கூட்டத்துக்கு நடுவே கானா எழுதுகிற பசங்க, குறும்படம் எடுக்கிறவங்க, பேனர் டிசைன் போடுகிறவங்க, கல்யாண போட்டோகிராபர்கள் என்று வேறொரு கூட்டமும் வரும். அவர்கள் கேட்பதெல்லாம் காபிரைட் பற்றித்தான். ஒரே பதிலை நாளைக்கு நாலு தடவை சொல்லி வாய் வலித்துப்போய் இதை எழுதி வைத்தேன். நான் வக்கீல் இல்லை. விண்ணப்பம் போட்டும் சட்டத்தைப் படித்தும் திட்டு வாங்கியும் தெரிந்துகொண்டது இது. கேள்விகளை அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

யக்கா, பாட்டு எழுதி நோட்டுல வச்சிருக்கேன். பதிவு பண்ணாதான் எனக்குச் சொந்தமா?

இல்லை. நீ எழுதி முடித்த நிமிஷமே அது உன்னுடையது. 1957ஆம் வருஷத்து காபிரைட் சட்டம் பதிவைக் கட்டாயம் ஆக்கவில்லை. நோட்டில் எழுதினாலும் சரி, போனில் பாடிப் பதிந்து வைத்தாலும் சரி, உரிமை அப்போதே வந்துவிடும். வட்டத்துக்குள் 'சி' போடாவிட்டாலும் போகாது.

அப்போ பதிவு எதுக்கு? பிறப்புச் சான்றிதழ் வாங்காவிட்டால் பிள்ளை பிறக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஸ்கூலில் சேர்க்கப் போனால் கேட்பார்கள். அதுமாதிரிதான். நாளைக்கு இன்னொருத்தன் 'இது என் பாட்டு' என்று வந்தால், பதிவேட்டில் இருப்பதை முதல்கட்ட ஆதாரமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அது தப்பு என்று நிரூபிக்கிற வேலை அவன் தலையில் விழும்.

காப்புரிமை, பதிப்புரிமை, டிரேட்மார்க் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை, இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம்ம பேப்பர்களும் டிவியும்தான். காபிரைட்டுக்குச் சரியான தமிழ் பதிப்புரிமை. பாட்டு, கதை, படம், போட்டோ, ரெக்கார்டிங், சாஃப்ட்வேர் கோடு எல்லாம் இதில் வரும். காப்புரிமை என்பது பேட்டன்ட்டுக்கு உள்ள சொல், அதாவது புதுக் கண்டுபிடிப்புக்கு. ஆனால் பேச்சில் ரெண்டுக்கும் 'காப்புரிமை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டிரேட்மார்க் என்றால் வணிகக்குறி: உன் டீக்கடைப் பேரு, உன் குழுவின் லோகோ. அதற்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. காபிரைட் அலுவலகம் டெல்லியில்.

எவ்ளோ செலவாகும்? டெல்லிக்குப் போவணுமா?

போக வேண்டாம். அலுவலகம் டெல்லி துவாரகாவில் இருந்தாலும் விண்ணப்பம் ஆன்லைனில்தான். பாட்டு வரி, கதை, மெட்டு, ஓவியம், சாஃப்ட்வேர், எதுவானாலும் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000. சினிமா, குறும்படம் என்றால் 5,000. பொருள்மேல் போடுகிற லேபிள், லோகோ மாதிரி ஓவியத்துக்கு 2,000. அந்த லேபிளுக்கு மட்டும் டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து ஒரு தேடல் சான்றிதழும் வாங்கி வைக்கவேண்டும். அதுக்குத் தனிக் கட்டணம்.

அரசுக்குப் போவது இவ்வளவுதான். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால், 'சார், இதுல அரசுக் கட்டணம் எவ்ளோ, உங்க கூலி எவ்ளோ?' என்று பிரித்துக் கேளுங்கள். என் கடைக் கூலியையும் அப்படியே கேட்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

பணம் கட்டியாச்சு, டைரி நம்பர் வந்துடுச்சு. வேல முடிஞ்சுதா?

முடியவில்லை. டைரி நம்பர் என்பது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது. அதைக் காட்டி 'பதிவாயிடுச்சு' என்று போஸ்டர் அடித்தவர்களும் இருக்கிறார்கள். நம்பர் வந்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அதிகாரி மனுவைப் பார்ப்பார். குறை இருந்தால் கடிதம் வரும், அதுக்குப் பதில் போடவேண்டும். ஆட்சேபம் வந்தால் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எல்லாம் தாண்டித்தான் பதிவேட்டில் ஏறும். அதற்கு மாதக்கணக்காகும்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அடுத்தவர் கையெழுத்தில்தான். மனு போடுகிறவர் வேறு, எழுதினவர் வேறு என்றால் எழுதினவரின் தடையில்லாக் கடிதம் வேண்டும். வேறு பதிப்பாளர் வெளியிட்டிருந்தால் அவரிடமிருந்தும் வேண்டும். அட்டையில் யாருடைய போட்டோவாவது இருந்தால் அவரிடமிருந்தும். ஒரு பாட்டுப் புத்தகத்துக்கு நான் மனு போட்டேன். மெயில் ஐடி கேட்டபோது பாட்டுக்காரர் தன் அக்கா பையனுடைய ஐடியைக் கொடுத்தார். குறைக் கடிதம் அந்த ஐடிக்குப் போயிருக்கிறது. பையன் பார்க்கவே இல்லை. கெடு தாண்டி, கட்டின பணமும் போய், முதலிலிருந்து மறுபடி போட்டோம். அன்றிலிருந்து சொந்த மெயில் ஐடி இல்லாமல் யார் மனுவையும் நான் தொடுவதில்லை.

கதைய கவர்ல போட்டு எனக்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி பிரிக்காம வச்சிருக்கேன். போதுமா?

கோடம்பாக்கம் பக்கம் போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்லும் வைத்தியம் இது. சட்டத்தில் இதுக்கென்று தனி மதிப்பு கிடையாது. ஒட்டாத கவரைக்கூட அனுப்பிவிட்டு அப்புறம் உள்ளே எதை வேணும்னாலும் வைக்கலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். 2025இல் ரிஜிஸ்டர் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பிரிக்காத அந்தக் கவரைப் பத்திரமாக வை, கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதே.

அதைவிட நல்லது: தேதி போட்ட நோட்டு, அடித்தல் திருத்தலோடு. உனக்கே மெயிலில் அனுப்பிக்கொண்ட பிரதி. யாருக்குக் கதை சொன்னாயோ அவருக்கு அன்றே ஒரு மெயில்: 'இன்னிக்கு இந்தக் கதையச் சொன்னேன் சார்.' சினிமா எழுத்தாளர் சங்கத்தில் பதிவதும் நல்ல ஆதாரம். ஆனால் அது சங்கப் பதிவு, காபிரைட் அலுவலகப் பதிவு அல்ல.

என் கதைய அப்டியே சுட்டு படம் எடுத்துட்டாங்க. ஹீரோவும் ஃபுட்பால் பிளேயர், ஹவுசிங் போர்டு, போலீஸ் பிரச்சினை. கேஸ் போடலாமா?

கோவம் நியாயம். ஆனால் நீ சொன்னதெல்லாம் ஐடியா. ஐடியாவுக்கு உரிமை கிடையாது, அதை நீ சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் ஒரு நாடகத்தைச் சுட்டுப் படம் எடுத்ததாக வந்த ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கரு ஒன்றாக இருந்தால் போதாது, ரெண்டையும் பார்த்த சாதாரண ஆளுக்கு 'இது அதோட காபி' என்று சந்தேகமில்லாமல் தோணவேண்டும். வியாசர்பாடியில் பந்து உதைக்கிற பையன் கதையை யாரும் எடுக்கலாம். உன் ஸ்கிரிப்டில் இருக்கிற சீன் வரிசை, வசனம், ஆள்களின் குணம் அப்படியே அங்கே இருந்தால்தான் பேசமுடியும்.

தலைப்புக்கும் இதே கதி. வெறும் தலைப்புக்குக் காபிரைட் கிடையாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் சங்கத்தில் டைட்டில் பதிவது அவர்களுக்குள் இருக்கிற ஏற்பாடு.

நான் பாடுறது எங்க தாத்தா காலத்து கானா மெட்டு. வரி என்னுது. இது யாருக்குச் சொந்தம்?

மெட்டு யாருக்கும் இல்லை, அதாவது எல்லாருக்கும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வந்த மெட்டுக்கு இன்றைக்கு யாரும் முதலாளி ஆகமுடியாது. நீயும் ஆகமுடியாது, உன் பாட்டைக் கேட்டுவிட்டுப் படத்தில் போடுகிறவரும் ஆகமுடியாது. ஆனால் அந்த மெட்டுக்கு நீ எழுதின வரி உன்னுடையது. மனுவில் வரியை மட்டும் போடு. மெட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு அப்புறம் மாட்டிக்காதே.

ஒரு பாட்டுக்கு எத்தன காபிரைட் யக்கா? ஸ்டூடியோக்காரர் தனக்குத்தான்னு சொல்றாரு.

சட்டத்தில் பாட்டு என்று ஒரே பொருள் கிடையாது. வரி தனி, அது இலக்கியப் படைப்பு. மெட்டு தனி, இசைப் படைப்பு என்று சட்டம் சொல்வதில் வார்த்தைகள் சேராது. ரெக்கார்டிங் தனி. பாடினவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது, 50 வருஷத்துக்கு. நீயே எழுதி, மெட்டுப் போட்டு, காசு போட்டு ரெக்கார்ட் பண்ணினால் மூணு மனு: 500, 500, 2,000.

ரெக்கார்டிங்குக்கு முதல் சொந்தக்காரர், அதை எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பு ஏற்றவர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு மைக் போட்டுக்கொடுத்தவர் அதனால் மட்டும் முதலாளி ஆகமாட்டார். ஆனால் 'காசு வேணாம் தம்பி, நானே எல்லாம் பாத்துக்கறேன், நம்ம சேனல்ல போடலாம்' என்று ஆரம்பித்த இடத்தில் அவர் சொல்வது நியாயமாகக்கூட இருக்கலாம். அதிலும் ரெக்கார்டிங்தான் அவருடையது, வரி உன்னுடையது. எழுதிக் கொடுத்துவிட்டாயா என்பதுதான் அடுத்த கேள்வி.

மூவாயிரம் ரூபா குடுத்து பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. பாட்டு மொத்தமா போச்சா?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெருசு. பதிவு பண்ணாததால் பாட்டை இழந்தவரை நான் பார்த்ததில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டு இழந்தவர்களை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். போன ஆடியில் ஒரு தம்பி கொண்டுவந்த காகிதம் இன்னும் கண்ணில் நிற்கிறது: 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், நாலாக மடித்து பேன்ட் பாக்கெட்டில் வைத்து, மடிப்பில் மை அழிந்து. 'மேற்படி பாடலின் சகல உரிமைகளையும் முழுமனதுடன்' என்று ஒரே வாக்கியம் பத்து வரிக்கு ஓடியது. எந்தப் பாட்டு என்று பேர் இல்லை. எத்தனை வருஷம் என்ற இடத்தில் புள்ளி புள்ளியாக விட்டிருந்தது. கீழே அவன் கையெழுத்து, பக்கத்தில் டீக்கறை.

அந்தப் புள்ளிதான் அவனுக்கு அதிர்ஷ்டம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய் வார்த்தை செல்லாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த ஊருக்கு, ராயல்டி எவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். காலம் எழுதாமல் விட்டிருந்தால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கினவர் ஒரு வருஷம் வரை அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை என்றால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும் அது காலாவதி. கையெழுத்துப் போட்ட காலத்தில் புழக்கத்தில் இல்லாத புது வழிகளுக்கும், பேர் சொல்லி எழுதியிருந்தால் ஒழிய, அந்தப் பத்திரம் நீளாது.

ஆனால் 'உலகம் முழுதும், நிரந்தரமாக' என்று தெளிவாக எழுதி, நீ கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தச் சலுகை எதுவும் கிடைக்காது. அதனால் போடுமுன் என் கடைக்கு வா. ஜெராக்ஸ் ரெண்டு ரூபாய்தான். ஒரு பிரதி உன் கையில் இல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. 18 வயது ஆகாத பையன் போட்ட ஒப்பந்தம் அவனைக் கட்டுப்படுத்தாது, அதையும் அம்மா அப்பா தெரிந்துகொள்ளட்டும்.

எழுதிக் குடுத்தாச்சு. அப்போ ராயல்டியும் கிடையாதா?

இருக்கிறது. 2012 திருத்தம் நம்ம மாதிரி ஆள்களுக்காகவே வந்தது போல இருக்கும். வரி எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டி வாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டதாக எழுதியிருந்தாலும் செல்லாது. சினிமாப் பாட்டு என்றால் தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும், வாங்கினவரோடு சமபங்கு. சினிமாவில் வராத தனிப் பாட்டுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இதை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அதில் உறுப்பினர் ஆகலாம். ஆகாமலே ராயல்டி வரவில்லை என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

என் பாட்ட நானே யூடியூப்ல போட்டேன், வேற எவனோ கிளெய்ம் போட்டுட்டான்!

முதலில் கிளெய்மா ஸ்ட்ரைக்கா என்று பார். கிளெய்ம் என்றால் பெரும்பாலும் மெஷின் ஒப்பிட்டுப் பார்த்துப் போட்டது. வீடியோ இருக்கும், விளம்பரக் காசு அவனுக்குப் போகும். அதை டிஸ்ப்யூட் பண்ணலாம். ஸ்ட்ரைக் என்றால் வீடியோவையே தூக்கிவிடுவார்கள். 90 நாளுக்குள் மூணு வாங்கினால் சேனலே போகும். ஸ்ட்ரைக்குக்கு எதிர் மனு கொடுத்தால், புகார் கொடுத்தவர் 10 வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குப் போனதாகக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வரும்.

நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு வேர் மேலே சொன்ன பத்திரம்தான். பையன் ஏதோ சேனலுக்கு எழுதிக் கொடுத்திருப்பான், அவர்கள் அதை யூடியூப் ஒப்பிட்டுப் பார்க்கிற சிஸ்டத்தில் ஏற்றியிருப்பார்கள். இன்னொரு பாதி, நெட்டிலிருந்து இறக்கின பீட், அதாவது ரெடிமேட் பின்னணி இசை. அதே பீட்டை வேறு நூறு பேர் வாங்கியிருப்பார்கள். எதிர் மனுவில் உன் நிஜப் பேரும் முகவரியும் எதிராளிக்குப் போகும், அதையும் யோசித்துக்கொள்.

முப்பது செகண்டுக்குள்ள எடுத்தா கேஸ் வராதாமே?

அப்படி ஒரு விதி நம்ம சட்டத்தில் எங்கேயும் இல்லை. விமர்சனம், செய்தி, சொந்தப் படிப்பு மாதிரி காரணங்களுக்கு நியாயமான அளவு எடுக்கலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. எதுக்கு எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், சொந்தக்காரர் பிழைப்பில் கைவைத்தாயா என்பதைத்தான் பார்ப்பார்கள். பாட்டின் உயிரே பல்லவி என்றால் பத்து செகண்டும் அதிகம்தான். 'கிரெடிட் டு ஓனர்' என்று கீழே போடுவதும் அனுமதி ஆகாது.

பழைய சினிமாப் பாட்ட கவர் பண்ணிப் போடலாமா?

சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிப் போடுவதுதான் நேர் வழி. அனுமதி இல்லாமல் போட சட்டத்தில் ஒரு வழி உண்டு: முதல் ரெக்கார்டிங் வந்த வருஷம் முடிந்து 5 வருஷம் கழிந்திருக்கணும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும், வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்டணும், வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அதுவும் ஒலிப்பதிவுக்குத்தான். கேசட் கம்பெனிகளுக்காக எழுதின சட்டம் அது, போனில் ரீல்ஸ் எடுக்கிற பையனுக்குத் தோதுப்படாது.

ஆடி மாசம் கூழ் ஊத்துறோம், கோயில்ல பாட்டுக் கச்சேரி. கல்யாண ஊர்வலத்துலயும் பாட்டு போடுறோம். காசு கேட்டு வருவாங்களா?

கல்யாணத்துக்கு வரக்கூடாது. மதச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு போடுவது மீறல் இல்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023இல் மத்திய அரசும் இதை நினைவுபடுத்தி அறிவிப்பு விட்டது. கோயில் கச்சேரியில் நம்ம தெருப் பசங்க சேர்ந்து, டிக்கெட் இல்லாமல் பாடினால், அல்லது கோயிலுக்கு நிதி சேர்க்கப் பாடினால், அமெச்சூர் குழு என்ற விலக்கில் வரும். காசு வாங்குகிற ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிவந்தால் அந்த விலக்கு ஒட்டாது. கமிட்டிக்காரர்கள் லைசென்ஸ் யார் எடுப்பது என்று முன்பே பேசிவிடுங்கள்.

கல்யாண போட்டோ நான் எடுத்தேன். பொண்ணு வீட்ல என் பேஜ்ல போடக்கூடாதுன்றாங்க. கேமரா என்னுது, கை என்னுது!

கை உன்னுதுதான், உரிமை அவங்களுது. காசு வாங்கிக்கொண்டு ஒருத்தர் சொல்லி எடுத்த போட்டோ, வரைந்த ஓவியம், எடுத்த படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் சொந்தக்காரர். புக்கிங் ரசீதில் 'தேர்ந்தெடுத்த படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம்' என்று ஒரு வரி அடித்து, கையெழுத்து வாங்கிக்கொள். பல போட்டோகிராபர்களுக்கு அந்த ரசீதை நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். நீயாக மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் போய் எடுத்தது வேறு. அது முழுக்க உன்னுடையது.

டிசைன் போட்டு டி-ஷர்ட் அடிச்சு விக்கிறேன். காபிரைட் 60 வருஷம் இருக்குமில்ல?

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நன்றாகப் படிச்சவர்களுக்கே தெரியாது. டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, மெஷினில் 50 பிரதிக்கு மேல் அடித்தால் அந்த டிசைனுக்குக் காபிரைட் நின்றுவிடும். அதற்கு டிசைன் பதிவுதான் வழி: 10 வருஷம், இன்னும் 5 வருஷம் நீட்டலாம். அதுவும் கடையில் தொங்கவிடும் முன்னால், இன்ஸ்டாவில் போடும் முன்னால் பதியவேண்டும். சுவரில் மாட்டுவதற்காக வரைந்த ஓவியத்துக்கும் உடுப்புக்காகப் போட்ட டிசைனுக்கும் கோடு எங்கே என்பதில் வழக்குகள் நிறைய. நிறைய அடிக்கப் போகிறாய் என்றால் வக்கீலுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது பேனர் கடைக்குப் போட்ட டிசைன் முதலாளியுடையது. ராத்திரி வீட்டில் உனக்காகப் போட்டது உன்னுடையது.

நான் வரைஞ்ச சுவர் ஓவியத்துமேல வெள்ளையடிச்சுட்டாங்க. கேக்க நாதியில்லையா?

காசு வாங்கி வரைந்தது என்றால் போட்டோ கேள்வியில் சொன்னதுதான், உரிமை காசு கொடுத்தவருடையது. ஆனால் 57ஆம் பிரிவு படைத்தவனுக்கென்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. 'இது நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பேரைக் கெடுக்கும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமை. விற்ற பிறகும் இது போகாது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர் நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசாங்கம் கழற்றிக் குடோனில் போட்டுச் சேதமாக்கியது. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது. ஆனால் பின்னால் ஒரு வழக்கில், கட்டடத்தை இடிப்பதைத் தடுக்க அதன் ஆர்க்கிடெக்டுக்கு உரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதனால் வரையும்போதே, 'அழிக்கும் முன் 15 நாள் சொல்லணும்' என்று எழுதி வாங்கு. ஓரத்தில் பேரைப் போடு, போட்டோ எடுத்து வை.

நாட்டுடைமை ஆன புத்தகத்த யார் வேணா அச்சடிக்கலாமா?

அடிக்கலாம், யாருக்கும் காசு தர வேண்டாம். எழுத்தாளர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம் முடிந்தால் எந்தப் படைப்பும் பொதுவுக்கு வரும். பாரதிதாசன் 1964இல் இறந்தார், 2024 முடிந்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. அதற்கும் முன்னால், அரசாங்கமே வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து உரிமையை வாங்கி மக்களுக்கு விட்டுவிடும் வழக்கம் நம்ம மாநிலத்தில் இருக்கிறது, அதுதான் நாட்டுடைமை. 1949இல் பாரதி பாடல்களில் தொடங்கியது. சினிமாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் கணக்கு வேறு: வெளியான வருஷத்திலிருந்து 60. ஆகவே பாரதி பாட்டை நீ பாடலாம், ஆனால் ஒரு படத்தில் வந்த அதன் ரெக்கார்டிங்கையோ அந்த மெட்டையோ அதனதன் காலம் முடியும்வரை எடுக்கமுடியாது. அதேபோல் வேறொருவர் எழுதிய முன்னுரையையும் உரையையும் சேர்த்து ஸ்கேன் பண்ணாதே.

யக்கா, இந்த கைடு முழுசா ஜெராக்ஸ் போட்டுக் குடு, உன்ன யாரு கேக்கப் போறா?

கேட்பார்கள். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுப்பதற்கு விலக்கு இருக்கிறது. 2016இல் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடத்துக்கான பக்கத் தொகுப்பைப் போட்டுக் கொடுத்த கடைக்காரர் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனால் கடையில் கிடைக்கிற கைடை அட்டையிலிருந்து அட்டை வரை அடித்து ஸ்பைரல் போட்டு விற்பதற்கு அது லைசென்ஸ் இல்லை. என் கடையில் ஒரு அத்தியாயம் வரைக்கும் போடுவேன். முழுப் புத்தகம் மாட்டேன்.

ஏஐல போஸ்டர் போட்டேன். பதிவு பண்ணலாமா?

கம்ப்யூட்டர் உருவாக்கியதற்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஏஐ வருவதற்கு ரொம்ப முன்னால் எழுதினது அது. ரெண்டு வரி தட்டி வந்த படத்தை நம்பிப் பணம் கட்டாதே. அதன்மேல் நீ வரைந்தது, அடுக்கினது, எழுத்து வடிவமைத்தது இருந்தால் அந்த லேயர் ஃபைல்களைப் பத்திரமாக வை.

திருடிட்டான், ஆதாரமும் இருக்கு. போலீசா, கோர்ட்டா?

ரெண்டு வழியும் உண்டு, பதிவு இல்லாவிட்டாலும் உண்டு. முதலில் ஸ்கிரீன் ஷாட், லிங்க், தேதி எல்லாம் எடுத்து வை; திட்டி மெசேஜ் போட்டால் அவன் அழித்துவிடுவான். வெப்சைட்டுக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்தில் எடுக்கவேண்டும் என்றும், 21 நாளுக்குள் நீ கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போடலாம் என்றும் விதி. அப்புறம் வக்கீல் நோட்டீஸ். பல விஷயம் அதிலேயே முடியும்.

தெரிந்தே மீறினால் 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய, ஜாமீனில் வராத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர்மா' என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். சிவில் வழக்கை அவன் ஊருக்குப் போய்த்தான் போடணும் என்று இல்லை, நீ குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023லிருந்து அறிவுசார் சொத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். நம்ம ஏரியாவில் இது தெரியாதவங்கதான் அதிகம்.

எங்கப்பா கானா பாடுவாரு, போயிட்டாரு. நோட்டு மட்டும் இருக்கு. அந்தப் பாட்டெல்லாம் இப்ப யாருது?

உங்க வீட்டுது. உயில் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் மற்ற சொத்து மாதிரி வாரிசுகள் எல்லாருக்கும். மேலே சொன்ன 60 வருஷக் கணக்கு ஓடும். அவர் பேரை எடுத்துவிட்டு யாராவது பாடினால் கேட்கும் உரிமையும் வாரிசுக்கு உண்டு. பதிவு பண்ணவேண்டும் என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அண்ணன் தம்பி அக்கா எல்லாருடைய தடையில்லாக் கடிதமும் சேருங்கள். எழுதிக் கொடுத்த பத்திரம் ஏதாவது பீரோவில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அவர் பாடின பழைய கேசட்டு, போன் ரெக்கார்டிங் இருந்தால் அதையும் கொண்டுவாங்க. நோட்டைக் கடையில் விட்டுவிட்டு 'சாயங்காலம் வரேன்' என்று போகாதீங்க. ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் ஆகும்வரைக்கும் பக்கத்திலேயே உட்காருங்க, ஸ்டூல் இருக்கிறது.